மீனின் முளையமும் அயன் கால்வாயும்

கங்கையாற்று மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹமில்ற்றன் 1822இல் விவரித்த வரிக்குதிரைமீன், ஒறிகன் பல்கலைக்கழகத்து யோர்ச் ஸ்திரைசிங்கரின் 1981ஆம் ஆண்டுக் கட்டுரையாற் பரம்பரையியலார் கவனத்தைப் பெற்றது. ஒளிபுகும் அதன் முளையம் தாயுடலுக்கு வெளியே வளர்தலின், வளர்ச்சிப் படிகளைக் கண்ணாற் காணலாம்.

1996இல் வெளியான ஜேர்மனியத் தூபிங்கன் ஆய்வுகள், வரி பிறழ்ந்த பல விகாரங்களை அறிவித்தன. அவற்றுள் 'ஒபெலிக்ஸ்' என்பதன் காரணம் 2006இல் துலங்கிற்று. பொற்றாசியம் அயன்கள் கலமென்சவ்வைக் கடக்கும் கால்வாயை ஆக்கும் பரம்பரையலகு அதிற் பழுதுற்றிருந்தது.

2020இல் வெளிவந்த ஆய்வு இதனினும் வியப்பானது. நீள்செட்டை மீனொன்றில் அதே பரம்பரையலகு, தோலும் தசையும் ஆகவேண்டிய முளையக் கலங்களில், தனக்குரித்தல்லாத இடத்திற் சிறிது காலம் தொழிற்பட்டிருந்தது. முதிர்மீனின் செட்டைகள் நீளுதற்கு அதுவே போதியதாயிற்று.

நரம்புக்கும் தசைக்குமே சிறப்பாக உரியதெனப் பலரும் கருதிய மின்னழுத்தம், உடலின் உருவமைப்பிலும் பங்குடையதென்பது இவற்றாற் பெறப்படும். ஆகவே, பரம்பரையலகு யாது என்று அறிதல் மட்டும் அமையாது. அஃது எங்கே, எப்பொழுது தொழிற்படுகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். ஏறத்தாழ இருநூறாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.