பெரம்பூர் ஆலைகளும் ஒரு பக்த சபையும்

சென்னை நகரின் வடபாகத்தில் பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு முதலிய பேட்டைகளில் வாழ்ந்த எண்ணற்ற குடும்பங்களின் ஜீவனத்தை, 1876இல் தோன்றிய பக்கிங்காம் ஆலையும் அதையடுத்து எழுந்த கர்னாடிக் ஆலையுமே நெடுங்காலம் நிர்ணயித்து வந்தன. பின்னி கம்பெனியார் நிர்வகித்த இவ்வாலைகளின் காக்கித் துணிக்குத் தேசமெங்கும் கீர்த்தி இருந்தது; ஆலையைச் சார்ந்து பள்ளிக்கூடமும் நடந்தது. ஆகவே அந்த நிர்வாகத்தாருக்குத் தரும சிந்தனையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. தாமாக மனமிரங்கிக் கொடுப்பதற்கு அவர்கள் தயங்கவில்லை. தொழிலாளி வாய் திறந்து தன் குறையைச் சொல்வதைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை. பின்னால் நேர்ந்த அத்தனை துன்பத்துக்கும் இதுவே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

நடுப்பகல் இடைவேளையை எடுத்துக்கொள்வோம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையை அனுமதித்திருந்த காலம் அது. உணவுக்கென்று கொடுத்தது அரை மணி நேரம். அதற்குள் இயந்திரத்தை விட்டு நகர்ந்து, மேலெல்லாம் படிந்த பஞ்சுத் தூசியைத் தட்டி, தண்ணீருக்கு முண்டியடித்துக் கைகால் அலம்பி, உட்கார இடம் தேடிச் சோற்றை விழுங்கி, மறுபடியும் சங்கு ஊதுமுன் வேலையிடத்துக்கு ஓடிச் சேரவேண்டும். மேஸ்திரிகளின் வசவும், துரைமாரில் சிலரது கைநீட்டலும் இதற்கு மேல்.

இந்தக் குறைகளையெல்லாம் மனம்விட்டுச் சொல்ல ஓரிடம் கிடைத்தது. அது ஆலைக்குள் இல்லை. பெரம்பூரில் வணிகராயிருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு பக்த சபையை நடத்திவந்தார்கள். பகவத் விஷயம் கேட்க வந்து அமர்ந்த தொழிலாளர்கள், பிரசங்கம் முடிந்ததும் தங்கள் கஷ்டங்களையும் பேசிக்கொண்டார்கள். ஒருவன் பட்ட அவமானம் மற்றவனுக்கும் நேர்ந்தது என்று தெரியவந்தபோது, தனித்தனியே தலைகுனிந்து நின்றவர்களிடையே பரஸ்பர விசுவாசம் பிறந்தது. தொழிற்சங்கம் என்ற சொல்லே பாமர ஜனங்களின் காதில் விழாத அக்காலத்தில், பக்தி செய்யக் கூடிய கூட்டமே சங்கத்துக்குக் கருவாயிற்று என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது.

அவ்விரு வணிகர்களும் அன்னி பெஸண்ட் அம்மையாரின் சகாவான பி. பி. வாடியாவை நாடினார்கள். 'தேசபக்தன்' ஆசிரியர் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் துணைநின்றார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள், வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. உணவு இடைவேளை நாற்பது நிமிஷமாக நீண்டது. பத்து நிமிஷந்தானே என்று எண்ணத் தோன்றலாம். கேட்டுப் பெற்ற பத்து நிமிஷம் என்பதே அதன் பெருமை.

நிர்வாகமோ சங்கத்தை அங்கீகரிக்கவில்லை. கதவடைப்பு நிகழ்ந்தது, 1920இல் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்தது. அவ்வளவோடு நில்லாமல், கம்பெனியார் வாடியா முதலானோர்மீது ஹைகோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். சங்கத்துடன் வாடியா தம் சம்பந்தத்தை முறித்துக்கொண்ட பின்னரே அது சமரசத்தில் முடிந்தது. இந்த அநீதி டில்லி வரை எட்ட, 1921இல் என். எம். ஜோஷி சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பலன்.

ஆனால் அதற்குள், 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில், அந்தத் தோழமையே இரண்டாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். மற்றவர்கள் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பிளவு நிர்வாகத்துக்கு அனுகூலமாயிற்று என்பது மெய்யே. ஆயினும் பழி முழுவதையும் நிர்வாகத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. தறிக்குத் தறி தோள்கொடுத்து நின்றவர்கள், வேலை முடிந்ததும் ஜாதிவாரியான தெருக்களுக்கே திரும்பினார்கள். அந்தத் தெருக்களின் பேதத்தைச் சங்கம் தீர்க்கவில்லை. பட்டினி வந்த நாளில் அது பகையாக வெடித்தது. ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா தம் ஜனங்களின் க்ஷேமத்தை முன்னிட்டுப் பேசியதில் நான் குற்றம் காணேன்.

அடிபட்ட சங்கம் அழியவில்லை. சுதந்திரம் வாயிலில் நின்ற 1947இல் அதே ஆலைகளில் மறுபடியும் வேலைநிறுத்தம் மூண்டது. அறுபதைக் கடந்த திரு. வி. க. தொழிலாளர் பக்கமே நின்றார். நம்மவர்களே ஆண்ட சென்னை அரசாங்கம் அவரை அவர் வீட்டிலேயே காவலில் வைத்தது.