சைக்கிள் இழுத்த வீடு



டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடு. டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். கோடை விடுமுறைக்குள் வாங்கிவிட யோசனையாம். "காலி எடை 4,300 பவுண்டு. என் வண்டி 5,000 பவுண்டு இழுக்கும் என்று விற்பவர் சொல்கிறார். எழுநூறு மிச்சம் சார்!" என்று எழுதியிருந்தான். நான் வரலாறு நடத்தியவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த 'இழுக்கும்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1947-இல் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் ஒரு விளம்பரப் படம். அலுமினியத்தில் பளபளக்கும் டிரெய்லர், அதை இழுப்பது ஒரு சைக்கிள்! மிதித்தவர் ஆல்பிரட் லெதூர்னர் என்ற பிரெஞ்சுப் பந்தய வீரர். (1941-இல் ஒரு காரின் பின்னால் காற்றுமறைவில் மணிக்கு 108 மைலுக்கு மேல் மிதித்த கால்கள் அவை.) எங்கள் டிரெய்லர் அவ்வளவு லேசு என்பதுதான் நிறுவனர் வாலி பையாம் சொல்ல வந்தது. பொய்யில்லை. சமதரையில் சக்கரத்தை உருட்டப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் மேடு இல்லை, இறக்கம் இல்லை, பக்கக் காற்று இல்லை. சைக்கிள் பிரேக்கை நம்பி மலையிறங்கச் சொல்லியிருந்தால் லெதூர்னரே குதித்து ஓடியிருப்பார்.

அதற்கப்புறமும் வெகுகாலம், எந்த வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை அந்தந்தக் கம்பெனியே தன் முறையில் சோதித்து அறிவித்துக்கொண்டது. வினாத்தாளும் நீயே, திருத்துவதும் நீயே என்றால் மார்க் எப்படி இருக்கும்? 2008-இல்தான் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் ஜே 2807 என்று ஒரு பொது விதிமுறையை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் ஏறும் மலைச்சாலையில், சுமார் 11 மைல் ஏற்றத்தை, கடும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறவேண்டும். 12 விழுக்காடு சரிவில் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஐந்து முறை கிளம்பவேண்டும். பிரேக்குக்கும் ஆட்டத்துக்கும் தனிச் சோதனைகள்.

இது சட்டமல்ல, விரும்பினால் ஏற்கலாம். டொயோட்டா 2011 மாடல்களிலேயே ஏற்றுக்கொண்டது. அதன் டண்ட்ரா டிரக்கின் எண் இறங்கிற்று. வண்டி அதே வண்டிதான்! நாம் மட்டும் குறைத்தால் அடுத்தவன் எண் பெரிதாகத் தெரியுமே என்று மற்றவர்கள் தயங்கினார்கள். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் வந்துசேர 2015 வாக்கில் ஆகிவிட்டது.

இன்னொன்று. அந்தச் சோதனைக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் 150 பவுண்டு எடையில் இரண்டே பேர். தம்பி, நீங்கள் ஐந்து பேர்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிய வீட்டுக்காரர்களுக்கு மீதி சுலபமாக விளங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரமானால் அமுக்கும். டிரெய்லரும் அப்படியே. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியில் இறங்கவேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். இறங்கும் அந்த எடையைக் கார்தான் சுமக்கவேண்டும்.

இப்போது உன் கணக்கு. காலி எடை என்பது தண்ணீர், துணிமணி, அரிசி, குக்கர் ஏறுவதற்கு முந்தையது. 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல். எல்லாம் ஏறினால் 5,200 என்று வைத்துக்கொள். உன் எழுநூறு மிச்சம் போய் இருநூறு கடன். அதில் 12 விழுக்காடு, 624 பவுண்டு, கொக்கியில். ஐந்து பேருக்கு 700. ஆக 1,324 பவுண்டு உன் காரின் முதுகில், சாமான் இல்லாமலே. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். கொக்கியிலும் ஓர் எண் உண்டு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. விற்பவரிடம் கேட்காதே, அவர் மறுபடியும் இழுக்கும் என்றுதான் சொல்வார்.