வாளேந்திய கைகள் செய்த தொண்டு

புனே நகரின் கட்கியிலும் அதனையடுத்த தேகு ரோடிலும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும், இரயில்வேக்கும், இராணுவ அலுவலகங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வந்து பணியாற்றியுள்ளனர். இத்தகைய பணியிடங்களில் முதலுதவிப் பயிற்சி பெற்றோரின் சான்றிதழிலும் மார்புச் சின்னத்திலும் ஒரு சிலுவை காணப்படுவதுண்டு. அது செஞ்சிலுவைச் சங்கத்தின் சிவப்புச் சிலுவை அன்று. நடுவில் குறுகி, நுனியில் அகன்று, ஒவ்வொரு கரமும் இரண்டாகப் பிளந்து, எட்டு முனைகளோடு விளங்கும் வெண்சிலுவை அது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்னும் அமைப்பின் சின்னம். அதனை அணிவோருள் இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, சீக்கியர் உண்டு. ஆனால் நமக்கு முன் அதனைத் தம் மேலங்கியில் தரித்தவர் யாவர் எனின், வாளேந்திய கிறிஸ்தவத் துறவியரே ஆவர். போர்வீரரின் சின்னம் முதலுதவிக்காரரின் சின்னமாக மாறிய வரலாற்றை இங்கு நாம் காண்போம்.

பதினொன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இத்தாலி நாட்டின் அமால்ஃபி நகரத்து வணிகர் எருசலேமில் ஒரு விடுதியை நிறுவினர். புனித நகரைக் காண வந்து, வழியில் நோயுற்றவர்க்கு அங்கே உணவும் மருந்தும் கிடைத்தன. அதனை நடத்தியவர் ஜெரார்டு என்னும் துறவி. 1099-ஆம் ஆண்டு சிலுவைப் போரினர் எருசலேமைக் கைப்பற்றினர். 1113-ஆம் ஆண்டு போப்பாண்டவர் இரண்டாம் பாஸ்கல் இவ்விடுதியினரைத் தனித் துறவற சபையாக ஏற்றார். ஜெரார்டுக்குப் பின் தலைமை ஏற்ற ரேமண்ட் து பூய் காலத்தில் இச்சபையார் வாளையும் ஏந்தினர். பயணிகளுக்குக் காவல் என்று தொடங்கியது, கோட்டைகளும் படைகளுமாக வளர்ந்தது.

இவர்களுக்கு வழங்கிய பெயரை மொழிபெயர்ப்போர் சற்று நின்று நோக்குதல் தகும். இலத்தீனில் விருந்தினரைக் குறிக்கும் 'ஹாஸ்பெஸ்' என்னும் சொல்லினின்று விருந்தினர் விடுதியின் பெயர் பிறந்தது. நாம் நாவிற்கேற்ப 'ஆஸ்பத்திரி' என்று வழங்கும் சொல்லின் மூலமும் அதுவே. எனவே இச்சபையாரின் பெயரைத் தமிழில் 'விருந்தோம்புவோர்' என்று பெயர்த்தால் பிழையாகாது. நோயாளிகளைத் தம் தலைவர் என்றே அவர்கள் கருதவேண்டும் என்பது சபையின் விதி. வேற்றுச் சமயத்தாரும் அவர்தம் எருசலேம் மருத்துவமனையில் ஏற்கப்பட்டனர் என்று அக்காலத்து ஏடு ஒன்று கூறுகிறது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும் உண்மையின் மறுபக்கத்தை நாம் மறைக்கலாகாது. மருந்து கொடுத்த கை போர்க்களத்தில் கொல்லவும் செய்தது. பின்னாளில் இச்சபையார் கடலிற் கப்பல்களை மடக்கிக் கைப்பற்றினர். பிடிபட்டோரை அடிமைகளாக விற்றனர். தொண்டும் போரும் ஒரே அங்கிக்குள் இருந்தன. அவற்றுள் எது நிலைத்தது என்பதே இவ்வரலாற்றின் பொருள்.

1187-இல் எருசலேம் கைவிட்டுப் போயிற்று. 1291-இல் ஏக்கர் கோட்டையும் வீழ்ந்தது. பின்னர் ரோட்ஸ் தீவில் இரு நூற்றாண்டுகள் ஆண்டனர். 1522-இல் துருக்கியச் சுல்தான் சுலைமான் அத்தீவை முற்றுகையிட்டு வென்று, அவர்களை மரியாதையுடன் வெளியேற விடுத்தார். 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாத் தீவை அவர்களுக்கு அளித்தார். சென்ற இடந்தோறும் கோட்டையோடு மருத்துவமனையையும் கட்டினர் என்பது கருதத்தக்கது. மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் 1574-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவமனையின் பெருங்கூடம் ஏறத்தாழ 155 மீட்டர் நீளமுடையது. நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டிலும் வெள்ளிக் கிண்ணத்திலும் உணவு வழங்கப்பட்டது. உயர்குடிப் பிறந்த வீரர்களே முறைவைத்துப் பரிமாறினர். 1798-இல் நெப்போலியன் படையுடன் வந்தபோது தீவும் போயிற்று. வெள்ளிப் பாத்திரங்களும் பெரும்பாலும் உருக்கப்பட்டன. ஆளும் நிலமின்றி அலைந்த சபை 1834-இல் உரோமாபுரியில் தங்கியது. வாளுக்கு இனி வேலையில்லை. எஞ்சியது மருத்துவத் தொண்டு ஒன்றே. அதனை அது இன்றும் பல நாடுகளில் செய்து வருகிறது.

அதே மரபைத் தழுவி இங்கிலாந்தில் தோன்றிய வேறொரு சபை, 1877-ஆம் ஆண்டு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தை நிறுவியது. 1888-இல் விக்டோரியா அரசியார் அச்சபைக்குச் சாசனம் அளித்தார். இங்கும் தொண்டைத் தொடங்கி வைத்தவர் போர்வீரரே. பீட்டர் ஷெப்பர்டு என்னும் இராணுவ மருத்துவரும், பிரான்சிஸ் டங்கன் என்னும் பீரங்கிப்படை அதிகாரியும் 1878-இல் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளை நடத்தினர். போர்க்களத்தில் குருதிப் பெருக்கை நிறுத்தக் கற்ற வித்தை சுரங்கத் தொழிலாளிக்கும் இரயில்வே ஊழியருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். மறு ஆண்டு, 1879 ஜனவரியில், ஷெப்பர்டு தென்னாப்பிரிக்காவில் இசாண்டுல்வானா போரில் மாண்டார். அவர் வகுத்த பாடம் மட்டும் கடல் கடந்து பரவியது.

உரோமாபுரியிலேயே இதனையொத்த மாற்றம் ஒன்று நம் காலத்தில் நிகழ்ந்தது. 1850-ஆம் ஆண்டு போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் 'பாலத்தீன் காவற்படை' என்ற அணியை அமைத்தார். உரோமாபுரியின் கடைக்காரரும் கைவினைஞரும் சம்பளமின்றி அதிற் சேர்ந்தனர். விழாக்களில் அணிவகுத்து நிற்பதே அவர்தம் முதன்மைப் பணியாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்தபோது, வத்திக்கானின் கட்டடங்களைக் காக்க அப்படை பெருக்கப்பட்டது. 1970-இல் போப்பாண்டவர் ஆறாம் பால், சுவிஸ் காவற்படை ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, இதனைக் கலைத்தார். சீருடையும் வாத்தியமும் பறிபோன பழைய வீரர் வீட்டிற்குச் சென்று ஓய்ந்திருக்கலாம். அவ்வாறு செய்திலர். 1971-இல் புனிதர்கள் பேதுரு, பவுல் பெயரால் ஒரு சங்கமாகக் கூடினர். பேராலயத்தின் வழிபாடுகளில் ஒழுங்கு காப்பதோடு, ஏழைகளுக்கு உதவுவதற்கென ஒரு தனிப் பிரிவையும் அச்சங்கம் வைத்துக்கொண்டது. படை கலைந்தது, பணி கலையவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு வந்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. இன்று குடியரசுத் தலைவரே அதன் தலைவர். கிறிஸ்தவத் துறவியரின் சின்னம் சமயச் சார்பற்ற குடியரசில் எவ்வித மனத்தடையுமின்றி ஏற்கப்பட்டது எதனால்? வாளும் ஆட்சியும் அதைவிட்டு நீங்கிய பின்பே அது எல்லார்க்கும் உரியதாயிற்று என்பது நம் துணிபு. கட்டுப்போடும் கையிடம் காயமுற்றவர் சமயம் கேட்பதில்லை.

புனே நகரம் இவ்வரலாற்றிற்கு வேறொரு பொருளையும் சேர்க்கிறது. இங்கே போர்வீரர் தொண்டு செய்வோராக மட்டுமன்றி, தொண்டைப் பெறுவோராகவும் நம்முன் நிற்கின்றனர். முதல் உலகப் போரில் உறுப்பிழந்த சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க, 1917-இல் லேடி வில்லிங்டன் பம்பாயில் தொடங்கிய அரசி மேரி தொழிற்பயிற்சி நிலையம் பின்னர்க் கட்கிக்கு மாறியது. 1944-இல் செயற்கை உறுப்பு மையம் புனேயில் அமைந்தது. தண்டுவடம் சிதைந்து இடுப்பின்கீழ் உணர்விழந்த வீரர்க்கென மறுவாழ்வு மையம் ஒன்று 1974 முதல் கட்கியில் இயங்குகிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர்கள் தொழில் கற்கின்றனர், விளையாட்டிலும் ஈடுபடுகின்றனர்.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் என்னும் வீரரை இங்கு நினைத்தல் பொருந்தும். 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தன. அவர் நீச்சல் பயின்றார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அப்போட்டிகளில் இந்தியர் தனிநபராக வென்ற முதல் தங்கம் அது. பத்மஸ்ரீ விருது அவருக்கு 2018-இல்தான் கிடைத்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின்! நோயாளியைத் தலைவன் என்று போற்றிய அப்பழைய விதியை நாம் எவ்வளவு தூரம் கைக்கொண்டுள்ளோம் என்று இக்கால இடைவெளி நம்மைக் கேட்கிறது.

அணிவகுப்பும் மரியாதைக் குண்டுகளும் ஆண்டிற்குச் சில நாட்கள் காண்பன. காயமுற்றவரோ எந்நாளும் உள்ளார். தொழிற்சாலையில் உள்ளார், தண்டவாளத்தருகே உள்ளார், புனே–மும்பை நெடுஞ்சாலையில் உள்ளார். ஊரும் உறவும் தொலைவில் இருக்க, அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஆபத்தில் முதலில் உதவுபவர் பெரும்பாலும் அயலாரே. நாமும் அவர்க்கு அத்தகைய அயலார். முதலுதவிப் பயிற்சிக்கு வேண்டுவது சில நாட்களே. குருதியை எவ்வாறு நிறுத்துவது, முறிந்த எலும்பை அசையாமல் எவ்வாறு கட்டுவது, மூச்சு நின்றவர்க்கு எவ்வாறு உதவுவது என்பவற்றை வீட்டிற்கு ஒருவரேனும் கற்றுக்கொள்வோமாக. அதற்குப் போர்வீரராயிருத்தல் வேண்டா. சிலுவையை வணங்குவோராயிருத்தலும் வேண்டா.