மேபனும் ஸ்ட்ரூவனும்

செப்டம்பர் 22 அல்லது 23. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக நிற்கும் நாள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நவீன பேகன்கள் பலருக்கு அன்று சமையலறைதான் கோயில். ஆப்பிளைக் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். அதைப் பார்த்து ஒரு நொடி நிற்பார்கள். ரொட்டி சுடுவார்கள். முதல் விள்ளலையும் கொஞ்சம் ஆப்பிள் மதுவையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். விழாவின் பெயர் மேபன். கிறிஸ்தவத்துக்கு முந்தைய கெல்டிக் விழா என்று சிலர் அடித்துச் சொல்வார்கள்.

அந்தப் பெயருக்கு வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

1974இல் ஏய்டன் கெல்லி என்ற அமெரிக்கர், கலிஃபோர்னியாவில் பேகன்களுக்காக ஒரு காலண்டர் தயாரித்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு எட்டு விழாக்கள். பெல்டேன், சாவின் என்று சிலவற்றுக்குக் காதில் ரீங்கரிக்கும் பழைய பெயர்கள் இருந்தன. செப்டம்பர் விழாவுக்கோ வெறும் வானியல் பெயர். அவருக்கு அது உறுத்தியது. அதே பருவத்தில் கிரேக்கர்கள் எலூசிஸில் கொண்டாடிய டிமீட்டரின் கதை நினைவுக்கு வர, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கதை கெல்ட்டுகளிடம் உண்டா என்று தேடினார். வேல்ஸ் மொழிக் கதையொன்றில் மேபன் கிடைத்தான். பிறந்த மூன்றாம் இரவில் தாயிடமிருந்து களவுபோன பிள்ளை; ஆர்தரின் ஆட்கள் பறவைகளையும் மானையும் கேட்டு, கடைசியில் ஒரு கிழட்டு சால்மன் மீனிடம் துப்பு வாங்கிச் சிறையிலிருந்து மீட்கிறார்கள். அருமையான கதைதான். ஆனால் அதில் அறுவடையும் இல்லை, சம இரவும் இல்லை, அடுப்பும் இல்லை. 'கிரீன் எக்' என்ற பேகன் இதழ் வழியாகப் பெயர் பரவியது. கெல்லி இதை மறைக்கவுமில்லை, பின்னாளில் தானே எழுதியும் வைத்தார்.

அப்படின்னா மொத்தமும் டூப்பா? இணையத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தச் சண்டை நடக்கிறது. இரண்டு தரப்பும் பெயரைப் பிடித்துக்கொண்டே மல்லுக்கட்டுகின்றன. அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப்பார்க்க ஆளில்லை என்பதுதான் என் வருத்தம்.

பழைய இங்கிலாந்தின் விவசாயி சூரியக் கணக்கைப் பார்த்து விருந்து வைத்தவனில்லை. கதிர் முற்றியதா, மழை வருமா, அதுதான் கணக்கு. கடைசி வண்டி களத்துக்கு வந்து சேர்ந்த அன்று பண்ணைக்காரர் கூலியாட்களுக்கு வயிறாரச் சோறு போட்டார். ஆங்கிலோ-சாக்சன்களின் ரொட்டித் திருநாளோ ஆகஸ்ட் 1. தேவாலயத்தின் அறுவடைத் திருநாளாவது பழசா என்றால், இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோவில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் 1843 அக்டோபர் 1இல்தான் தொடங்கிவைத்தார். புதுத் தானியத்தில் சுட்ட ரொட்டியால் அன்று திருவிருந்து. நம்மூர் சி.எஸ்.ஐ. கோயில்களில் அறுப்பின் பண்டிகையன்று பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு ஹாக்கர் தூரத்துச் சொந்தம்.

சம இரவு நாளை ஒட்டி, நிஜமாகவே சமையலறையில் நடந்த ஒரு சடங்கு வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போகவேண்டும். செப்டம்பர் 29 அங்கே தூய மிக்கேல் திருநாள். அதற்கு முந்தைய நாள் ஸ்ட்ரூவன் என்ற பெரிய ரொட்டி சுடுவார்கள். அந்த வருடம் தங்கள் நிலத்தில் விளைந்த எல்லாத் தானியமும் அதில் சேரவேண்டும். ஒன்றையும் விடக்கூடாது. தாய் பக்கத்திலிருந்து சொல்லித்தர, மூத்த மகள் ஆட்டுக்குட்டித் தோலின் மேல் மாவைப் பிசைவாள். முட்டை, பாலேடு, வெண்ணெய் கலந்த கூழை, வேகும்போதே ரொட்டியின் மேல் திரும்பத் திரும்பப் பூசவேண்டும். விறகிலும் விதி இருந்தது. ஓக், ரோவன் மரங்களின் சுள்ளி ஆகும். சில மரங்கள் ஆகவே ஆகாது. ரொட்டி உடைந்தால் கெடுதல். அந்தப் பெண்ணின் கை எவ்வளவு நடுங்கியிருக்கும்!

பெரிய ரொட்டியோடு வேலை முடியாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சின்ன ஸ்ட்ரூவன் உண்டு. ஊரில் இல்லாதவர்கள் நினைவாகவும், இறந்துபோனவர்கள் நினைவாகவும்கூடச் சுட்டார்கள். மிஞ்சிய மாவையும் வீணாக்கவில்லை. ஒரு பழைய காலுறையில் போட்டுவைத்து மறுநாள் ஆட்டு மந்தையின் மேல் தூவினார்கள். விடிந்ததும் ரொட்டி கோயிலுக்குப் போய் ஆசீர்வாதம் வாங்கிவரும்.

இதையெல்லாம் கேட்டு எழுதிவைத்தவர் அலெக்சாண்டர் கார்மைக்கேல், வேலையில் கலால் வரி அதிகாரி. தீவுகளில் பல ஆண்டுகள் அலைந்து திரட்டியதை 1900இல் 'கார்மினா கடெலிகா' என்று வெளியிட்டார். இந்தப் பெண்கள் தங்களை பேகன் என்று சொல்லிக்கொண்டவர்கள் இல்லை. சொல்லியிருந்தால் அடிக்கவே வந்திருப்பார்கள். சிலுவையை வணங்கினார்கள், சகுனத்தையும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அடுப்படியில் இருந்தன. அதில் எது ஆதி, எது இடையில் ஒட்டியது என்று அரித்தெடுக்கப் பார்த்தவர்களுக்கு உமிதான் மிஞ்சியது. மேபனுக்கு ரொட்டி சுடுகிற பெண்ணுக்கு வேல்ஸ் சிறுவனைவிட இந்தத் தீவுப் பெண்கள்தான் நெருங்கிய உறவு என்பேன். பெயரில்தான் அவர்கள் இல்லை.

ஸ்ட்ரூவனும் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பீட்டர் ரைன்ஹார்ட் என்ற ரொட்டிக் கலைஞர் அதைத் தன் பேக்கரியில் சுட்டு விற்றார். 1991இல் வெளியான தன் புத்தகத்திலும் எழுதினார். அவருடைய ஸ்ட்ரூவனில் ஓட்ஸ் இருக்கிறது, சோளமாவு இருக்கிறது, வேகவைத்த பழுப்பரிசிச் சோறும் இருக்கிறது. அந்தக் குளிர்த் தீவுகளில் ஒரு நெல்கூட விளைந்ததில்லை.