நூறு தடா கடன்: அக்காரவடிசலின் கதை

இன்னிக்கு சமையலறைக்குள்ள போறோம், ஆனா கொஞ்சம் சுத்துவழியில.

அக்காரவடிசல் செய்யுற எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க: "இது ஆண்டாள் காலத்துப் பக்குவம்." உண்மையா? ஆண்டாள் என்ன சொல்லியிருக்காங்கன்னு பார்த்துடலாம்.

முதல்ல பேரு. 'அக்கார அடிசில்'தான் பேச்சுல அக்காரவடிசல் ஆயிடுச்சு. அடிசில்னா சோறு. அக்காரம்னா சர்க்கரை. ரெண்டும் வடமொழியின் 'சர்க்கரா'விலிருந்து பிரிஞ்சு வந்த உறவுக்காரங்க. அரபியில 'சுக்கர்', ஆங்கிலத்துல 'சுகர்' எல்லாம் அதே குடும்பம்தான்.

இப்போ பாட்டுக்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லி அன்னிக்கு, வீட்டுல அக்காரவடிசல் செய்யறோம். அன்னிக்குரிய திருப்பாவைப் பாசுரத்தோட முதல் சொற்கள் பேச்சுல திரிஞ்சுதான் 'கூடாரவல்லி' ஆச்சு. அந்தப் பாசுரத்துல வர்றது பால்சோறு. அது மறையுற அளவுக்கு நெய் ஊத்தி, அந்த நெய் முழங்கை வரைக்கும் வழியணும். அவ்வளவுதான். அக்காரம் என்ற சொல்லே அதுல இல்லை.

அக்கார அடிசில் வருவது ஆண்டாளின் இன்னொரு நூலான நாச்சியார் திருமொழியில். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்கார அடிசில் என்று அங்கே நேர்ந்துகொள்கிறாள். தடான்னா பெரிய பானை. ஆனா கவனிங்க, அவள் பானை எதையும் அடுப்புல ஏத்தலை. வாயாலதான் நேர்ந்து வைக்கிறாள். அடுத்த பாசுரத்துல இன்னும் ஒரு படி மேலே போறாள்: இன்னிக்கே வந்து இதை ஏத்துக்கிட்டா, ஒண்ணுக்கு நூறாயிரமாத் தர்றேன், அதுக்கு மேலே அடிமையாவும் இருந்து தொண்டு செய்யறேன்னு. காதலிக்கிற பொண்ணோட கணக்கு அது, சமையல்காரர் கணக்கு இல்லை.

ஆண்டாள் காலம் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு என்பது பொதுவான கருத்து. அந்தக் கடன் சில நூற்றாண்டுகள் அப்படியே நின்னதாம். பிறகு ராமானுஜர் (மரபுக் கணக்குப்படி 1017–1137) அழகர்கோயிலுக்குப் போய் நூறு தடாக்களையும் சமர்ப்பித்தார் என்கிறது வைணவ மரபு. அங்கிருந்து அவர் திருவில்லிபுத்தூர் வந்தபோது, கருவறைக்குள்ளிருந்து ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாளாம். கோயிலண்ணன் என்ற பெயர் அதனால் வந்தது. இதுக்குக் கல்வெட்டுச் சான்று கேட்கிறவங்க கேட்கலாம். எனக்குப் பிடிச்சது வேற: இருநூறு, முந்நூறு வருஷம் முந்தி வாழ்ந்தவளுக்குப் பின்னாடி பிறந்தவர் அண்ணன் ஆகிறார். தங்கச்சி வச்ச கடனை அண்ணன் அடைக்கிறது நம்ம ஊர்ல சகஜம்தானே.

வீட்டு வழக்கம் இந்த ரெண்டு நூலையும் ஒரே பானையில போட்டுடுச்சு. பால்சோறும் வழியுற நெய்யும் திருப்பாவையிலிருந்து, அக்காரம் திருமொழியிலிருந்து.

பக்குவம் ஆண்டாள் சொன்னதில்லை. பயத்தம்பருப்பு பற்றி அந்த ரெண்டு இடத்துலயும் பேச்சே இல்லை. முந்திரிப்பருப்போ பிரேசில் நாட்டு மரத்தோடது. 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த பிறகுதான் இந்தியாவுக்கு வந்துச்சு. ராமானுஜர் சமர்ப்பித்த தடாவிலும் அது இருந்திருக்க முடியாது. வறுத்துப் போட்டுக்கோங்க, நானும் போடுவேன். 'ஆண்டாள் காலத்து முந்திரி'ன்னு மட்டும் சொல்லாதீங்க.

சரி, வீட்டுல எப்படி? ஒரு தம்ளர் பச்சரிசி, கால் தம்ளருக்கும் குறைவா பயத்தம்பருப்பு, ரெண்டையும் வாசம் வர வறுத்துக்கணும். அடி கனமான வெண்கலப் பானையில ஐந்தாறு தம்ளர் பால், சின்னத் தீ. கிளறிக்கிட்டே இருக்கணும், ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். சோறு கரண்டியால மசியணும். நான் முதல் தடவை பண்ணப்போ பொறுமை இல்லாம, கொதிக்கிற பாலிலேயே வெல்லத்தைப் போட்டேன். மொத்தமும் திரிஞ்சு போச்சு. எங்க பாட்டி எட்டிப் பார்த்துட்டு, "அவசரத்துக்குப் பொறந்தவனே, இறக்கிட்டுப் போடணும்டா"ன்னாங்க.

காரணம் எளிது. வெல்லத்துல லேசா புளிப்பு உண்டு, சூடான பாலை அது முறிச்சிடும். இன்னொண்ணு, இனிப்பு சேர்ந்துட்டா அரிசி அதுக்கு மேல சரியா வேகாது. அதனால சோறு குழைஞ்ச பிறகு பானையை இறக்கி, கொஞ்சம் ஆறவிடுங்க. ரெண்டு தம்ளர் வெல்லத்தைத் தனியாக் கரைச்சு, மண் போக வடிகட்டி, லேசாக் கொதிக்கவிட்டு, அதையும் ஆறவச்சு ஊத்துங்க. பிறகு அரைத் தம்ளர் நெய், ஏலக்காய், கடுகளவு பச்சைக் கற்பூரம். கற்பூரம் கூடினா மருந்து மாதிரி ஆயிடும்.

நெய் போதுமான்னு கேட்டா, எடுத்துச் சாப்பிடும்போது கையைப் பாருங்க. முழங்கை வரைக்கும் வர வேண்டாம், மணிக்கட்டு வந்தாலே போதும்.