எண்களாக எஞ்சிய குறிப்புகள்

2003-இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சங்க இலக்கியத் தாவரப் பெயர்களைத் தொகுத்தபோது, அவற்றை ஃபாக்ஸ்ப்ரோவில் பதிந்துவைத்தேன். பெயர், நூல், பாடல் எண், அடி எண், இறுதியாக நீண்டதொரு குறிப்பு. நெகிழ்வட்டிலிருந்து குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து மடிக்கணினிக்கும் வந்துசேர்ந்த அக்கோப்பை அண்மையில் வேறொரு மென்பொருளில் திறந்தேன். பாடல் எண்களும் அடி எண்களும் அப்படியே இருந்தன. பெயர்களின் இடத்தில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகள். குறிப்புகளின் இடத்தில் வெறும் எண்கள். எது மீளும், எது மீளாது என்று அறிய அக்கோப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

1970களின் பிற்பகுதி. கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப், அமெரிக்கக் கால்பந்துப் பந்தயங்களைக் கணிப்பதற்காகத் தம் வீட்டுக் கணினியில் ஒரு நிரல் எழுதலானார். அவ்வாய்வகத்தில் வழங்கிய ஒரு தரவு மேலாண்மை நிரலே அதற்கு முன்மாதிரி. வல்கன் என்று அவர் பெயரிட்ட அது, ஜார்ஜ் டேட்டின் கைக்குச் சென்றபோது டிபேஸ் 2 ஆயிற்று. டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததேயில்லை. நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். அதிலுள்ள ஆஷ்டனும் புனைபெயரே. 1984-இல் டிபேஸ் 3 வந்தது.

அதன் டிபிஎஃப் கோப்பு மிக எளிய அமைப்புடையது. முதல் 32 பைட்டுகளில் கடைசியாகத் திருத்திய நாளும் பதிவுகளின் எண்ணிக்கையும் இருக்கும். அடுத்து ஒவ்வொரு புலத்திற்கும் 32 பைட்டுகளில் அதன் பெயர், வகை, அகலம். பிறகு பதிவுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பதிவின் முன்னும் ஓர் எழுத்துக்கு இடமுண்டு. பதிவை நீக்கினால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும், வேறெதுவும் நிகழாது. தனியே ஆணையிட்டுச் சுருக்கும்வரை நீக்கியதும் உள்ளேயே கிடக்கும். என் கோப்பிலும் நான் அன்று அடித்துவிட்ட சில பெயர்கள் நட்சத்திரம் சுமந்து காத்திருந்தன.

ஆனால் நீண்ட குறிப்புகள் இக்கோப்பில் இடம்பெறுவதில்லை. அவை துணைக்கோப்பு ஒன்றில் தங்க, முதன்மைக் கோப்பில் அவற்றின் இருப்பிட எண் மட்டும் இருக்கும். நான் நெகிழ்வட்டில் எடுத்துவந்தது முதன்மைக் கோப்பை மட்டுமே. வேண்டாமென்று நீக்கியவை எஞ்சின. வேண்டுமென்று எழுதியவை போயின.

எளிமையாக இருந்ததால் அவ்வமைப்பைப் பிறரும் கையாண்டனர். கிளிப்பரும் ஃபாக்ஸும் அதே கோப்புகளைப் படித்தன, எழுதின. 1988-இல் ஆஷ்டன்-டேட் ஃபாக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. மூல நிரலின் பிறப்பிடத்தை மறைத்ததாகக் கூறி, 1990 டிசம்பரில் நீதிபதி ஆஷ்டன்-டேட்டின் பதிப்புரிமையையே செல்லாதென்றார். 1991 ஏப்ரலில் தம் தீர்ப்பைத் தாமே திரும்பப் பெற்றார். அதே ஆண்டில் ஆஷ்டன்-டேட்டை போர்லாண்ட் வாங்கியது. 1992-இல் ஃபாக்ஸ் மைக்ரோசாஃப்டிடம் சென்றது. 2015-இல் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கான ஆதரவும் முடிந்தது. டிபிஎஃப் மட்டும் சாகவில்லை. நிலவரைபடத் துறையினரின் ஷேப்ஃபைல் தொகுதியில் இன்றும் அது ஓர் உறுப்பு. புலப்பெயர் பத்து எழுத்துக்கு மிகலாகாது என்ற பழைய கட்டுப்பாடும் உடன் வாழ்கிறது.

எஞ்சியது தமிழ்ப் பெயர்களின் சிக்கல். 1991-இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது எனினும் நடைமுறையில் எழுத்துருவுக்கொரு குறியேற்றம் இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் இரண்டும் தரங்களாயின. டிஸ்கி முதலியனவும் வழங்கின. ஒரே எண் ஒன்றில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறிக்கும். எந்தக் குறியேற்றம் என்பதை என் கோப்பு சொல்லவில்லை. ஏட்டுச்சுவடியில் புள்ளியிடாத எழுத்தைப் படிப்பவர் தம் அறிவால் நிரப்பிக்கொண்டதைப் போல, அதைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டும்.

நூற்பெயர்களைத் திறவுகோலாகக் கொண்டு தேடினேன். டாப் என்று தெரிந்தது. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதவில்லை. டாபில் 'கெ' என்பதன் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் நிற்கும். ஒருங்குறியில் ககரம் முந்தும். இடமாற்றியபின் பெயர்கள் மீண்டன. அனைத்தையும் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச் சேமித்தேன்.

பழுதின்றிப் பிழைத்தவை எண்கள் என்றல்லவா நினைத்தேன்? அந்த அடி எண்கள் எந்தப் பதிப்பைச் சார்ந்தவை என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அதைக் குறிப்புப் புலத்தில்தான் எழுதியிருந்தேன். நூல்நூலாகப் பதிப்புகளோடு ஒப்பிட்டு வருகிறேன். இம்முறை புலங்களின் பொருள், குறியேற்றம், பதிப்பு ஆகியவற்றை ஒரு தாளிலும் எழுதிக் கோப்போடு வைத்திருக்கிறேன்.