காணாமல் ஆக்கப்பட்டோரும் ஒரு பேராசிரியரும்



'காணாமல் போனோர்' என்று நாம் சொல்வதில்லை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறோம். ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதே அதன் பொருள். அந்தக் குற்றத்துக்கு ஏற்ற சட்டம் உருவாக உழைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியச் சட்டப் பேராசிரியர் மான்ஃப்ரெட் நோவாக். காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவில் 1993 முதல் 2001 வரை இருந்தவர். சர்வதேசச் சட்டத்தின் இடைவெளிகளை 2002இல் அவருடைய அறிக்கை எடுத்துக்காட்டியது. 2006இல் பொதுச்சபை தனி உடன்படிக்கையையே ஏற்றுக்கொண்டது. அதன் 24ஆம் பிரிவின்படி, நேரடியாகத் துன்புற்ற உறவினரும் பாதிக்கப்பட்டவரே. உண்மையை அறியும் உரிமை அவருக்கும் உண்டு.

இலங்கை 2016இல் இதை உறுதிப்படுத்தியது. ஆனாலும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தாய்மார் பதில் கேட்டுத் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். அவர்களுக்கு உள்ள அதே உரிமை, இங்கே டென்மார்க்கிலிருந்து அண்ணனைத் தேடும் தங்கைக்கும் உண்டு.